எங்க வீட்டுப் பேர் சராப் வீடு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல வாசகர் கேள்வி பதில் பகுதியில ஒருத்தர் "ஷெராஃப்ங்கிறது என்ன மாதிரி பேர்"னு கேட்டிருந்தார், அதுக்கு நீங்க "பம்பாய் பார்சிக்காரங்களோட குடும்பப் பேர்"னு ஒரே வரியில பதில் போட்டு முடிச்சிட்டீங்க. பார்சிக்காரங்க கிட்ட அந்தப் பேர் இருக்கிறது உண்மைதான், ஆனா விஷயம் அதோட முடியுறது இல்ல. அதைப் படிச்சதுல இருந்து மனசு கேக்கல, ஏன்னா அது எங்க வீட்டுப் பேரும் கூட. நாங்க பார்சியும் இல்ல பம்பாயும் இல்ல, மன்னார்குடி. எங்க தெருவுல இன்னிக்கும் எங்க வீட்டை சராப் வீடுன்னுதான் சொல்லுவாங்க.

என் தாத்தா தாலுகா கஜானாவுல சராப்பா இருந்தவர். இப்ப இருக்கிற பிள்ளைங்களுக்கு சராப்னா என்னன்னு தெரியாது, கஜானாவுக்கு வர்ற பணத்தை எண்ணி, நல்ல காசா கள்ளக் காசான்னு பார்த்து வாங்கி உள்ள வைக்கிற ஆள்தான் சராப். ஜாமீன் கட்டித்தான் வேலையில சேரணும், ஒரு செல்லாக் காசு உள்ள போயிட்டா அது அவர் தலையிலதான் விடியும். தாத்தா ரூபாயை கட்டை விரல் நகத்து மேல வெச்சு சுண்டுவாராம், சத்தத்தை வெச்சே சொல்லிடுவாராம். 1940 வரைக்கும் வந்த ரூபாய்ல பன்னெண்டுல பதினோரு பங்கு வெள்ளி இருந்துச்சு, யுத்த காலத்துல 1940-ல அதைப் பாதியா குறைச்சாங்க, 1947-ல வெள்ளியே இல்லாம நிக்கல்னு ஆயிடுச்சு. இந்த மூணுக்கும் சத்தம் வேற வேறன்னு எங்க அப்பா சின்ன வயசுல தாத்தா பக்கத்துல உக்காந்து கேட்டதை எங்களுக்கு சொல்லிக்கிட்டே இருப்பார், பழைய ரூபாய் கோயில் மணி மாதிரி ரொம்ப நேரம் நிக்கும், நிக்கல் டொக்குனு அடங்கிடும்.

இந்த சராப்ங்கிற சொல் அரபுச் சொல். அரபில சர்ஃப்னா மாத்துறது, திருப்புறது. அதுல இருந்து சர்ராஃப், காசு மாத்திக் கொடுக்கிறவர். அரபில தொழில் பேர் எல்லாம் அனேகமா இந்த அச்சுலதான் வரும், கொல்லன் ஹத்தாத், தச்சன் நஜ்ஜார், ரொட்டி சுடுறவர் கப்பாஸ், தையல்காரர் கய்யாத். வளைகுடாவுல இருந்த நம்ம ஆளுங்க இந்த கய்யாத் போர்டை தெருவுக்குத் தெரு பார்த்திருப்பாங்க. இதெல்லாமே இன்னிக்கு அரபு நாடுகள்ல குடும்பப் பேரும் கூட. அதே சர்ஃப்தான் அரபு இலக்கணத்துல சொல் எப்படி உருமாறுதுங்கிற பாடத்துக்கும் பேர், நம்ம ஊர் மதரஸாவுல ஓதின பிள்ளைங்க கிட்ட கேட்டா ஸர்ஃப், நஹ்வு (அது வாக்கிய இலக்கணம்)ன்னு ரெண்டும் படிச்சோம்னு சொல்லுவாங்க. அங்க சொல் மாறுது இங்க காசு மாறுது, வேர் ஒண்ணு.

அரபு தேசத்துல இந்த ஆள் ஏன் தேவைப்பட்டார்னா, அங்க தீனார் தங்கம், திர்ஹம் வெள்ளி, ரெண்டுக்கும் நடுவுல உள்ள விலை ஊருக்கு ஊர் காலத்துக்குக் காலம் மாறிக்கிட்டே இருக்கும், எடையும் மாறும், தேய்மானம் வேற. வியாபாரி ஒட்டகத்துல சரக்கு கொண்டு வந்தா முதல்ல போய் நிக்கிற இடம் சர்ராஃப் கடைதான். நாசிர் குஸ்ரோன்னு ஒரு பாரசீக யாத்ரீகர் 1052-ல இஸ்ஃபஹான் போனப்ப அங்க ஒரு கடைவீதியில 200 சர்ராஃப் உக்காந்திருந்ததைப் பார்த்து எழுதி வெச்சிருக்கார். பஸ்ராவுல வியாபாரிங்க பணத்தை சர்ராஃப் கிட்ட கொடுத்து வெச்சிட்டு சீட்டு எழுதியே சாமான் வாங்கினாங்கன்னும் அவர் எழுதியிருக்கார். நம்ம செக் புக்தான் அது, ஆயிரம் வருஷம் முன்னாடி.

நான் 80கள்ல சவுதியில தம்மாம்ங்கிற ஊர்ல ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ்ல வேலை பார்த்தேன். அப்ப கடையில மிச்சம் சில்லறை கேட்டா "சர்ஃப் இல்ல"ம்பான். அப்ப எல்லாம் அது என் காதுல ஏறவே இல்ல. ரொம்ப வருஷம் கழிச்சு உம்ரா போன என் சிநேகிதர் ஒருத்தர் கூட போன்ல பேசிக்கிட்டிருந்தப்ப அவர் "இங்க ஏடிஎம்முக்கு அரபில சர்ராஃப் ஆலின்னு போட்டிருக்கான்"னு சொன்னார், அதாவது தானா இயங்குற சர்ராஃப். எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. இன்னிக்கு சவுதியில சம்பளம் எடுக்கிற நம்ம பையன் ஒவ்வொருத்தனும் மாசா மாசம் எங்க தாத்தாவோட வேலைப் பேர் எழுதின மெஷின் முன்னாடிதான் நிக்கிறான். கத்தார்ல பேங்குக்கே மஸ்ரஃப்னு பேர் வெச்சிருக்காங்க, மஸ்ரஃப் அல் ரய்யான்ங்கிற பேர்ல ஒரு பெரிய பேங்க் ஆரம்பிச்சாங்க, அதுவும் இதே வேர்.

சரி, சொல் எப்படி இங்க வந்துச்சு? பாரசீகம் வழியா வந்துச்சு, சுல்தான்கள் ராஜாங்கம், மொகலாயர் ராஜாங்கம் எல்லாத்துலயும் கணக்கு வழக்கு பாரசீகத்துலதான், அந்தப் பாரசீகத்துல பாதி அரபுச் சொல். கஜானா, தாலுகா, வசூல், பாக்கி, அசல்னு நம்ம வாயில இருக்கிறது எல்லாம் அந்த வண்டியில வந்ததுதான், சராப்பும் கூடவே ஏறி வந்துச்சு. ஹிந்தியில சர்ராஃப், சராஃப்னு ஆச்சு, நகைக்கடை பஜாரே சராஃபான்னு ஆச்சு. இந்தூர்ல சராஃபா பஜார்ல பகல்ல நகைக்கடை, ராத்திரி கடை அடைச்சதும் அதே வீதியில தின்பண்டம், போனவங்களுக்குத் தெரியும். மராத்தியில நகைக்கடைக்காரரையே சராஃப்ம்பாங்க. குஜராத்தில ஷராஃப், போர்த்துகீசிய எழுத்துலயும் முதல் சத்தம் 'ஷ'தான், இங்கிலீஷ்காரன் அதை எல்லாம் கேட்டு ஷ்ராஃப்னு எழுதினான். அதனால சராஃப் வேற ஷெராஃப் வேறன்னு யாரும் நினைக்க வேணாம். மராத்தி நடிகர் அசோக் சராஃப் பேரும் நம்ம தமிழ்ப் படத்துலயும் நடிச்ச ஜாக்கி ஷெராஃப் பேரும் ஒரே சொல்தான்.

இப்ப இந்தப் பேர் யார் யார் கிட்ட இருக்குன்னு பார்த்தீங்கன்னா, இதுக்காகத்தான் இந்த லெட்டரே எழுதுறேன். பார்சிக்காரங்க கிட்ட இருக்கு, குஜராத்தி பனியாக்கள் கிட்ட இருக்கு, மார்வாடிகள் கிட்ட இருக்கு, மராத்திக்காரங்க கிட்ட இருக்கு, உத்தரப்பிரதேசம் பீகார் பக்கம் வியாபாரம் பண்ற சாதிகள் கிட்டயும் நகை வேலை பண்றவங்க கிட்டயும் இருக்கு, நேபாளத்துலயும் இருக்கு. அந்தப் பக்கம் லெபனான், சிரியா, ஈராக், ஈரான்ல முஸ்லிம், கிறிஸ்தவர், யூதர் மூணு பேர் கிட்டயும் இருக்கு. துருக்கி சாம்ராஜ்ய காலத்துல இஸ்தான்புல்ல கலாட்டாங்கிற பகுதியில இருந்த சர்ராஃப்கள்ல ஆர்மேனியர், யூதர், கிரேக்கர்தான் அதிகம், சுல்தானுக்கே வரிப்பணம் முன்கூட்டிப் புரட்டிக் கொடுத்தவங்க. அதனால ஆர்மேனியர்ல அது சராஃபியான் ஆச்சு, பல்கேரியாவுல சராஃபோவ் ஆச்சு, கிரீஸ்ல சராஃபிஸ் ஆச்சு. மாசிடோனியா விடுதலைக்குப் போராடி 1907-ல சோஃபியாவுல சுட்டுக் கொல்லப்பட்டவர் போரிஸ் சராஃபோவ். சோஃபியாவுல இருக்கிற தேசிய நாடக சினிமா அகாடமிக்கு கிருஸ்தியோ சராஃபோவ்ங்கிற நடிகர் பேரைத்தான் வெச்சிருக்காங்க. ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மன்காரனை எதிர்த்து கிரீஸ் மலைகள்ல சண்டை போட்ட கொரில்லா படைக்குத் தளபதி ஸ்டெஃபானோஸ் சராஃபிஸ். ஹாலிவுட்ல டைரக்டரா இருந்த ரிச்சர்ட் சராஃபியான் ஆர்மேனிய வம்சம். இவங்க யாரும் காசு மாத்தினவங்க இல்ல, எப்பவோ வீட்டுல ஒரு பெரியவர் மாத்தியிருக்கார், பேர் மட்டும் கூடவே வந்துச்சு.

ஆக இந்தப் பேர் ஒரு மதத்துக்கோ ஒரு சாதிக்கோ சொந்தமானது இல்ல. இந்தப் பேரைப் பார்த்து ஒருத்தர் எந்த ஆளுன்னு யூகிக்கவே முடியாது. இதை நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. தம்மாம்ல என் கூட வேலை பார்த்த ஒருத்தர், பூர்வீகம் பீகார், மார்வாடிக் குடும்பம், பேர் கடைசியில சராஃப். பிற்பாடு சென்னையில வேலை கிடைச்சு வந்தார், வீடு தேடினார். ஒரு வீட்டுக்காரர் எல்லாம் பேசி முடிச்சு அட்வான்ஸ் வாங்கினவர், மறுநாள் அக்ரிமெண்ட்ல பேரைப் பார்த்ததும் "நீங்க அந்த ஆளுங்களா, சொல்லவே இல்லையே"ன்னு பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டார். நான் அவரோட போயிருந்தேன். இவர் சுத்த சைவம், வீட்டுல பூஜை ரூம் இல்லாம இருக்க மாட்டார். ஆனா அதையெல்லாம் சொல்லி வீடு கேக்க அவருக்கும் மனசில்ல எனக்கும் மனசில்ல, ஏன்னா அவர் முஸ்லிமாவே இருந்திருந்தாலும் அது தப்புதான, வாடகை கொடுக்கப் போறவர்தான. பேசாம எழுந்து வந்துட்டோம், ஆட்டோவுல வர்றப்ப ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல. அன்னிக்கு அந்த வீட்டுக்காரருக்கு இந்தப் பேரைப் பத்தி யாராவது ஒரு பத்திரிகையில நாலு வரி எழுதி அவர் படிச்சிருந்தா நல்லா இருந்திருக்குமேன்னு எனக்கு இன்னிக்கும் தோணுது.

நம்ம பக்கம் இந்த வேலை ஏன் அவ்வளவு பெரிசா இருந்துச்சுன்னும் சொல்லணும். கம்பெனி காலத்துல மெட்ராஸ்ல கணக்கு வராகன், பணம், காசுன்னு மூணு வகை நாணயத்துல. ஒரு நட்சத்திர வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. இதோட ஆற்காடு ரூபாய் தனி, வெளிநாட்டு வெள்ளி தனி. ஒரு ஊர்ல அடிச்ச ரூபாய் இன்னொரு ஊர்ல முழு மதிப்புக்குப் போகாது, வட்டம், அதாவது மதிப்புல ஒரு பங்கு, கழிச்சுத்தான் வாங்குவாங்க. 1818-ல மெட்ராஸ்ல வராகனை விட்டுட்டு ரூபாயைக் கணக்கா வெச்சாங்க, ஒரு வராகனுக்கு மூணரை ரூபாய்னு கட்டினாங்க. 1835-ல தான் கம்பெனி ஆண்ட இடம் முழுக்க ஒரே எடை ஒரே மாத்துல, அதாவது ஒரே வெள்ளிச் சுத்தத்துல ரூபாய் வந்துச்சு, எடை 180 கிரெய்ன். அதுவரைக்கும் நெல்லு வித்த குடியானவன் கூட வரி கட்டணும்னா சராப் கடையைத் தாண்டித்தான் கச்சேரிக்கு, அதாவது சர்க்கார் ஆபீசுக்குப் போக முடியும். ரிசர்வ் பேங்க் காரங்க உள்நாட்டு பேங்கர்னு ஒரு வகை வெச்சிருந்தாங்க, அதுல குஜராத்தி ஷெராஃப், முல்தானி ஷெராஃப், அந்த வரிசையிலேயே நம்ம நாட்டுக்கோட்டைச் செட்டியாரும் வர்றாங்க, தொழில் ஒண்ணுதான்.

அந்தச் சொல் வர்றதுக்கு முன்னாடி நம்ம கிட்ட இந்த வேலைக்குப் பேர் இல்லையான்னு கேட்டா, பிரமாதமா இருந்துச்சு. வண்ணக்கன். நாணயத்தை நோட்டம் பார்க்கிறவர். இன்னிக்கு ஒருத்தன் தெருவுல நோட்டம் விடுறான்ங்கிறோமே, அந்த நோட்டம் காசைப் பரிசோதிக்கிறதுக்கும் உள்ள சொல்தான். சங்கப் புலவர்கள்ல வடம வண்ணக்கன் தாமோதரனார்னு ஒருத்தர், வண்ணக்கன் சோருமருங்குமரனார்னு ஒருத்தர். காசு பார்த்தவங்க பாட்டும் எழுதியிருக்காங்க, தொழில் பேரையும் தன் பேரோட சேர்த்து வெச்சிருந்திருக்காங்க. இலங்கையில மட்டக்களப்புப் பக்கம் கோயில் சொத்துக்கும் வரவு செலவுக்கும் பொறுப்பா இருக்கிறவரை இன்னிக்கும் வண்ணக்கர்னுதான் சொல்றாங்க. சர்ராஃப்ங்கிற பேர் பெய்ரூட்லயும் பம்பாய்லயும் என்ன பண்ணுச்சோ அதை வண்ணக்கன்ங்கிற பேர் இங்க அதுக்கும் முன்னாடியே பண்ணியிருக்கு. குஜராத்தி நானாவதிங்கிற குடும்பப் பேரும் காசுத் தொழில்தான், நம்ம நாணயம்ங்கிற சொல்லும் அந்த நானாவும் ஒரே வேர்தான்.

அப்ப பம்பாய்ல குடும்பப் பேரா நின்னது மன்னார்குடியில ஏன் நிக்கலன்னு என் மகள் ஒரு தடவை கேட்டா. பம்பாய்ல பார்சிக்காரங்க பத்தொன்பதாம் நூற்றாண்டுல இங்கிலீஷ்காரன் பழக்கத்துக்கு கடைசிப் பேர் வெச்சுக்க ஆரம்பிச்சப்ப தொழிலையே பேரா வெச்சுக்கிட்டாங்க, வக்கீல், கான்ட்ராக்டர், இன்ஜினியர், பாட்லிவாலா, அந்த வரிசையில ஷெராஃப். நம்ம ஊர்ல அப்பா பேர்தான் இனிஷியல், மகன் வந்தா அதுவும் மாறிடும், அதனால தொழில் பேர் ஆள் மேல ஒட்டாம வீட்டு மேல ஒட்டிக்கிச்சு. தாத்தா போயிட்டார், வேலை போயிடுச்சு, சராப் வீடு மட்டும் நிக்குது.

ஷெராஃப்னு பேர் உள்ளவர்கள்ல எனக்கு ரொம்பப் பிடிச்சவர் ஏ.டி. ஷெராஃப், ஆர்தேஷிர் தராப்ஷா ஷெராஃப். பம்பாய் பார்சி, பொருளாதாரம் தெரிஞ்சவர், இந்தியப் பொருளாதாரத்தை வளர்க்க தொழிலதிபர்கள் சேர்ந்து போட்டு 1944-ல வந்த பம்பாய் திட்டத்துல கையெழுத்துப் போட்டவர்கள்ல ஒருத்தர். அதே வருஷம் ஜூலையில அமெரிக்காவுல பிரெட்டன் உட்ஸ்ல 44 நாடு கூடி, யுத்தத்துக்கு அப்புறம் எந்த நாட்டுக் காசை எந்த நாட்டுக் காசுக்கு என்ன விலையில மாத்துறதுன்னு முடிவு பண்ண உக்காந்தாங்க, ஐஎம்எஃப்ங்கிற சர்வதேச நாணய நிதியம் அங்கதான் உருவாச்சு. இந்தியா சார்பா போனவங்கள்ல ஏ.டி. ஷெராஃபும் இருந்தார், நம்ம கோயமுத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் இருந்தார். யுத்தத்துல இந்தியா கிட்ட வாங்கின சரக்குக்கு பிரிட்டிஷ்காரன் பணம் கொடுக்காம லண்டன்லயே கணக்கு எழுதி வெச்சிருந்தான், அந்த ஸ்டெர்லிங் பாக்கியை எப்படி எங்களுக்குத் தரப் போறன்னு ஷெராஃப் அங்க எழுந்து கேட்டார். உலகத்துலயே பெரிய காசு மாத்துற கூட்டத்துல காசு மாத்துறவன்னு பேர் உள்ள ஒருத்தர், நாடு சுதந்திரம் அடையறதுக்கு மூணு வருஷம் முன்னாடியே, நம்ம பாக்கியைக் கேட்டிருக்கார். பாக்கிங்கிற சொல்லும் அரபுதான். இதைப் படிச்ச அன்னிக்கு நான் அப்பாவை நினைச்சுக்கிட்டேன், அவர் இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்.

இன்னொரு இடம் சொல்லியே ஆகணும். என் மகள் ஹாங்காங்ல இருக்கா. 2017-ல நாங்க போயிருந்தோம். ஒரு ஷாப்பிங் மால்ல கார் பார்க்கிங்ல இருந்து வெளிய வரணும், மாப்பிள்ளை காசு கட்டிட்டு வர்றேன்னு இறங்கினார், நானும் கூடப் போனேன். ஒரு சின்ன கண்ணாடி கூண்டு, உள்ள ஒரு சீன அம்மா, மேல பெரிசா இங்கிலீஷ்ல ஷ்ராஃப்னு போர்டு, கீழ சீன எழுத்து. என்ன இதுன்னு கேட்டேன், இங்க காசு கட்டுற இடத்தை இப்படித்தான் சொல்லுவாங்க மாமா, ஆஸ்பத்திரியில கூட இப்படித்தான் இருக்கும்னார். அப்புறம் தேடிப் படிச்சேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுல ஹாங்காங், ஷாங்காய்ல இருந்த வெளிநாட்டு பேங்கும் கம்பெனியும் வெள்ளி டாலரை சோதிச்சு எடுக்க ஆள் வெச்சிருந்தாங்க. மெக்சிகோ டாலர்தான் அப்ப அங்க புழக்கம், நல்ல காசுன்னு தெரிஞ்சா கடைக்காரங்க அது மேல முத்திரை குத்துவாங்க. சோதிக்கிற ஆளுக்கு இந்தியாவுல பழகின அதே பேரை வெச்சு ஷ்ராஃப்னு கூப்பிட்டாங்க. ஆள் போயிட்டார், டாலர் போயிடுச்சு, பேர் கூண்டு மேல உக்காந்திருக்கு. நான் அந்தப் போர்டு முன்னாடி நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டேன், பின்னாடி வரிசையில நின்னவங்களுக்கு இந்த ஆளுக்கு என்ன ஆச்சுன்னு தோணியிருக்கும். பேரனுக்குக் காட்டி "இது உன் எள்ளுத் தாத்தா வேலைடா"ன்னு சொன்னேன், அவன் அப்ப ஆறு வயசு, "அவரும் கார் பார்க்கிங்ல இருந்தாரா"ன்னு கேட்டான். ராத்திரி உக்கார வெச்சு எல்லாம் சொன்னேன், ஒரு ஹாங்காங் அஞ்சு டாலரை எடுத்து சுண்டிக் காட்டினேன்.

ஐயா, நான் கேக்கிறது ஒண்ணுதான். அடுத்த ஞாயிறு அதே இடத்துல ஒரு சின்ன திருத்தம் போடுங்க. ஷெராஃப், சராஃப், சர்ராஃப் எல்லாம் ஒரே அரபுச் சொல், காசு மாத்துறவர்னு அர்த்தம், பார்சி, ஹிந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், யூதர் எல்லார் கிட்டயும் இருக்கு, பீகார்ல இருந்து பல்கேரியா வரைக்கும் இருக்கு, தமிழ்நாட்டுல சராப்னு கஜானா உத்தியோகமா இருந்துச்சு. இவ்வளவு போதும், மூணு வரிக்கு மேல வராது. கேள்வி கேட்ட வாசகருக்கும் முழு பதில் கிடைச்ச மாதிரி ஆகும். கூடவே, உங்க வாசகர்கள்ல யார் வீட்டுலயாவது தாத்தாவோ கொள்ளுத் தாத்தாவோ சராப்பா இருந்திருந்தா, நோட்டம் பார்த்த தராசோ உரைகல்லோ இருந்தா உங்களுக்கு எழுதச் சொல்லுங்க. எங்க வீட்டுல தாத்தாவோட தராசுப் பெட்டி இருக்கு, படிக்கல் ரெண்டு காணாம போயிடுச்சு, தட்டு ரெண்டும் பத்திரமா இருக்கு. நீங்க ஆள் அனுப்பினா போட்டோ எடுத்துக்கலாம். அட்ரஸ் கூட வேணாம், மன்னார்குடியில இறங்கி சராப் வீடுன்னு கேட்டா போதும்.

இப்படிக்கு,
சராப் வீட்டுப் பேரன்,
மன்னார்குடி